வட்டுக்கோட்டையின் அப்புக்காத்து

எங்கள் வீட்டில் எதிர்க்கதை கதைக்கிற பிள்ளைக்கு ஒரே ஒரு பட்டம்தான் இருந்தது. "அப்புக்காத்து வந்துவிட்டார், எல்லோரும் எழும்பி நில்லுங்கள்" என்பார் அம்மம்மா. நான் எட்டு வயது வரைக்கும் அதை ஏதோ பறவையின் பெயர் என்றே நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, அது ஒல்லாந்தர் எங்களிடம் விட்டுப்போன சொல் என்று. நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடுகிறவர் அப்புக்காத்து. கட்சிக்காரரை வீட்டு விறாந்தையில் இருத்திக் கதை கேட்டு, பத்திரங்களை ஒழுங்குபண்ணி, வழக்கைத் தொடுக்கிறவர் பிரக்கிராசி. அது போர்த்துக்கேயர் தந்தது. காணி உறுதிப் பத்திரம் எழுதுகிறவர் நொத்தாரிசு. யாழ்ப்பாணத்தை ஆண்டு போன ஒவ்வொருவரும் கோட்டையோடு சேர்த்து ஒரு வழக்குச் சொல்லையும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1974-இலிருந்து அப்புக்காத்தும் பிரக்கிராசியும் ஒன்றாகிச் 'சட்டத்தரணி' ஆகிவிட்டார்கள். சட்டம் மாறியது, அம்மம்மா மாறவில்லை.

எங்கள் வட்டுக்கோட்டைத் தொகுதியின் அரசியல்வாதி, அப்புக்காத்து அமிர்தலிங்கம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது அம்மப்பாவின் வாயிலிருந்து. அவருக்கு அமிர்தலிங்கம் ஒருபோதும் 'தளபதி' இல்லை. மேடைகளில் அப்படி அழைத்தார்கள், சுவரொட்டிகளில் அப்படி அச்சடித்தார்கள், அம்மப்பா மட்டும் கடைசி வரைக்கும் 'அப்புக்காத்தர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அம்மப்பாவுக்கு அப்புக்காத்துகளைப் பற்றி அபிப்பிராயம் இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அவரிடம் ஒரு வேலி வழக்கு இருந்தது.

வேலி வழக்கு என்றால் யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வளவைச் சுற்றிப் பூவரசும் கிளுவையும் கதியாலாக, அதாவது வேலிக்கம்பாக நட்டு, பின்னிய ஓலைக் கிடுகு வைத்துக் கட்டிய வேலி அது. ஆண்டுக்கு ஒருமுறை கிடுகு மாற்ற வேண்டும். அப்போது உக்கிப்போன கதியாலைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றை நடுவார்கள். நடுகிறவர் பழைய குழியிலேயே நட்டால் பிரச்சினை இல்லை. நான்கு விரல் தள்ளி நட்டால் அந்த ஆண்டு ஒருவருக்கும் தெரியாது. பத்து ஆண்டு கழித்து, வளவின் உள்ளே நின்ற பனை வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும். அம்மப்பாவின் பனை அப்படித்தான் நடந்து போனது. அதைத் திருப்பிக் கொண்டுவருவதற்குத்தான் அவர் யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றத்துக்கு ஏறி இறங்கினார்.

தகரப் பெட்டிக்குள் இருந்த காணி உறுதியை நான் பார்த்திருக்கிறேன். விரித்தால் மடிப்பு மடிப்பாக உடையும் தாள். நான்கு எல்லையும் சொல்லி, "இதனுள் அடங்கிய வான்பயிர், பங்குக் கிணறு, வழிவாய்க்கால்" என்று போகிற அந்த மொழியை அம்மப்பா தேவாரம் போல மனப்பாடமாகச் சொல்வார். சொல்லி முடித்ததும் ஒரு வாக்கியம் சேர்ப்பார்: "உறுதியில் இருக்கிறது பிள்ளை. இருந்து என்ன, அதை வாசிக்கிறவன் எந்தப் பக்கத்தான் என்று பார்க்க வேண்டும்."

அந்த வாக்கியத்தை நான் நெடுங்காலம் கழித்து, இலங்கை சுதந்திரம் பெற்றபோது இருந்த அரசியலமைப்பான சோல்பரி யாப்பை வாசித்தபோது மறுபடி கேட்டேன்.

*

அப்பாப்பிள்ளை அமிர்தலிங்கம் 1927 ஆகஸ்ட் 26-இல் பண்ணாகத்தில் பிறந்தவர். வட்டுக்கோட்டைக்குக் கூப்பிடு தூரம். படித்தது சுழிபுரம் விக்ரோறியாக் கல்லூரியில், பிறகு இலங்கைப் பல்கலைக்கழகத்தில், பிறகு கொழும்பின் நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் உள்ள சட்டக்கல்லூரியில். அந்தக் காலத்து யாழ்ப்பாணப் பெற்றோருக்கு இது ஒரு ஏணி. கடைசிப் படியில் நின்றால் நல்ல சீதனம், கொழும்பில் வீடு, ஊரில் பெயர். 1950-களின் தொடக்கத்தில் அப்புக்காத்தாக வெளியே வந்த அந்த இளைஞன் ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டே கீழே குதித்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

தமிழ் அரசியலுக்குச் சட்டம் படித்தவர்கள் புதியவர்கள் இல்லை. பொன்னம்பலம் இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரலாக இருந்தவர். ஜி. ஜி. பொன்னம்பலம் குற்றவியல் வழக்குகளில் குறுக்கு விசாரணைக்குப் பேர்போனவர்; சோல்பரி ஆணைக்குழுவின் முன், சிறுபான்மையினருக்குப் பாதி இடம் என்று, ஐம்பதுக்கு ஐம்பது கேட்டு வாதாடியதும் ஒருவகையில் வழக்குத்தான். அவருடைய தமிழ்க் காங்கிரஸில் இரண்டாம் இடத்தில் இருந்த எஸ். ஜே. வி. செல்வநாயகம் அதற்கு நேர் எதிரான ஆள். குடிசார் வழக்குகளின் அப்புக்காத்து, மெல்லிய குரல், ஒரு சொல்லை வீணாக்காத பேச்சு. எங்கள் பக்கத்தில் சொல்வார்கள், கொலை வழக்கென்றால் பொன்னம்பலத்திடம் போ, காணி வழக்கென்றால் செல்வநாயகத்திடம் போ என்று.

இந்த இருவரையும் பிரித்தது 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்தவையும். மலையகத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானார்கள். 1949-இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களுடைய வாக்கையும் எடுத்தது. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸுக்கு 7 உறுப்பினர்கள் இருந்தார்கள், 1952-இல் ஒருவரும் இல்லை. பொன்னம்பலம் அமைச்சரவையில் இருந்தார். செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் மருத்துவர் இ. மு. வி. நாகநாதனும் வெளியேறி, 1949 டிசம்பர் 18-இல் மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்கள். அமிர்தலிங்கத்துக்கு அப்போது 22 வயது. தொடக்க நாட்களிலேயே உள்ளே வந்துவிட்டார். கட்சியின் வாலிப முன்னணி அவரைச் சுற்றித்தான் வளர்ந்தது.

ஒரு சட்ட மாணவனுக்கு அந்த ஆண்டுகள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். வகுப்பில் சோல்பரி யாப்பின் 29-ஆம் பிரிவைப் படித்திருப்பார். ஒரு சமூகத்தாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் தடை விதிக்கிற, மற்றவர்களுக்கு இல்லாத சலுகையைக் கொடுக்கிற சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்ற முடியாது என்று அந்தப் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. சிறுபான்மையினரின் காணி உறுதி அதுதான். வகுப்புக்கு வெளியே அந்த உறுதி முதல் வழக்கிலேயே தோற்றுக்கொண்டிருந்தது. பிரசாவுரிமைச் சட்டங்களை எதிர்த்துத் தொடுத்த வழக்கு, அன்று இலங்கையின் இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் கோமறைக் கழகம் வரைக்கும் போய் 1953-இல் முடிந்தது: அந்தச் சட்டங்கள் செல்லும். சட்டத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை அல்லவா? கதியாலை நான்கு விரல் தள்ளி நட்டவன் தன் பெயரை அதில் எழுதியா நடுவான்?

*

1952 மே மாதப் பொதுத்தேர்தலில் அமிர்தலிங்கம் வட்டுக்கோட்டைத் தொகுதியில் நின்றார். 24 வயது. தோற்றார்.

தோற்கடித்தவர் வீ. வீரசிங்கம், மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர், சுயேச்சையாக நின்றவர். இதை வெறும் தேர்தல் முடிவாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. அன்றைய வலிகாமம் மேற்கில் பள்ளி அதிபர் என்றால் யார் என்று தெரிய வேண்டும். வீட்டில் ஒரு பிள்ளைக்கு உத்தியோகம் கிடைத்திருந்தால் அதற்குப் பின்னால் ஓர் அதிபரின் பிரம்பு இருக்கும். அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கிய நாளிலிருந்து அந்த மண்ணில் படிப்பித்தவனுக்கே முதல் மரியாதை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்கள்தான். (தாமோதரம்பிள்ளையும் பின்னால் சட்டம் படித்து நீதிபதியானார். ஏட்டுச்சுவடியையும் காணி உறுதியையும் ஒரே கண்ணால் வாசித்திருப்பார் போல.)

அம்மப்பா அந்தத் தேர்தலில் வீரசிங்கத்துக்குப் போட்டதை மறைத்ததில்லை. கோயில் வீதியில் நடந்த கூட்டமொன்றில் அமிர்தலிங்கத்தின் பேச்சைக் கேட்டிருக்கிறார். "குரல் பெரியது, ஆள் சின்னவர். சமஷ்டி, சமஷ்டி என்றார். எனக்குச் சமஷ்டி தெரியாது, பனையைத் தெரியும்" என்பார். சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, என்றால் என்ன என்பதை எல்லை வழக்குக்காரனுக்கு விளக்க முடியாத அப்புக்காத்து எப்படி நீதிபதிக்கு விளக்குவார் என்பது அவருடைய கேள்வி. அந்தத் தேர்தலில் தமிழரசுக் கட்சி முழுவதுமே தேறவில்லை. கோப்பாயும் திருகோணமலையும் மட்டும் கிடைத்தன. காங்கேசன்துறையில் செல்வநாயகமே தோற்றார்.

தோற்ற இளம் அப்புக்காத்து என்ன செய்திருக்கலாம்? கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு புதுக்கடைக்குப் போயிருக்கலாம். அடுத்த நான்கு ஆண்டும் அவர் ஊர் ஊராகக் கூட்டம் பேசினார். 1954-இல் மூளாயைச் சேர்ந்த மங்கையர்க்கரசியைக் கைப்பிடித்தார். பாட்டு வல்லமை உள்ளவர், பின்னாட்களில் அவரும் மேடை ஏறினார். இந்த நான்கு ஆண்டுகளைத்தான் அவருடைய உண்மையான பயிற்சிக் காலமாக நான் நினைக்கிறேன். நீதிமன்றத்தில் ஒருவருக்குப் புரிந்தால் போதும், அவர் மேலே இருக்கிறார், ஆங்கிலம் தெரிந்தவர், கேட்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். கோயில் வீதியில் மணலில் இருக்கிற ஆயிரம் பேருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை. பிடிக்கவில்லை என்றால் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிப் போவார்கள். செல்வநாயகத்தின் குரல் நான்காவது வரிசைக்குப் போகாது. அந்தக் குரலில் இருந்ததை நாற்பதாவது வரிசைக்குக் கொண்டு போனவர் அமிர்தலிங்கம்.

*

1956 ஏப்ரல் தேர்தலுக்குள் நாடு மாறியிருந்தது. சிங்களம் மட்டும், அதுவும் இருபத்துநான்கு மணி நேரத்தில் என்று சொல்லி எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தார். அவரும் ஒக்ஸ்போர்ட்டில் படித்த பாரிஸ்டர் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். இந்தக் கதையில் எல்லாப் பக்கத்திலும் அப்புக்காத்துகள்தான். வடக்கு கிழக்கில் தமிழரசுக் கட்சி 10 இடங்களை வென்றது. வட்டுக்கோட்டை இந்த முறை அமிர்தலிங்கத்துக்குக் கிடைத்தது. 28 வயதில் பாராளுமன்ற உறுப்பினர்.

இரண்டு மாதம் கூட ஆகவில்லை. 1956 ஜூன் 5-ஆம் தேதி சிங்களத்தை ஒரே அரசகரும மொழியாக்கும் சட்டமூலம் சபைக்கு வந்தது. அன்றைய பாராளுமன்றக் கட்டடம் கடலைப் பார்த்தபடி இருந்தது, எதிரே காலிமுகத்திடல். தமிழரசுக் கட்சி உறுப்பினர்களும் தொண்டர்களும் அந்தப் புல்வெளியில் போய் இருந்தார்கள். அடித்தால் திருப்பி அடிப்பதில்லை என்ற ஒப்பந்தத்தோடு வந்தவர்கள். கூட்டம் கூடியது. கல் வந்தது, கை வந்தது, பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அமிர்தலிங்கத்தின் தலை உடைந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் என்னை இந்த மனிதரிடம் திரும்பத் திரும்பக் கொண்டுவருகிறது. தலையில் கட்டுப் போட்டுக்கொண்டு நேரே சபைக்குள் போனார். நினைத்துப் பாருங்கள்: வெளியே புல்லில் இன்னும் ஆட்கள் அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்கள், உள்ளே சபாநாயகர், செங்கோல், ஒழுங்குப் பிரச்சினைகள், ஆங்கிலத்தில் "மாண்புமிகு". அந்த ஒழுங்குக்கு நடுவில் ஒரு வெள்ளைக் கட்டு நடந்து வருகிறது. பிரதமர் பண்டாரநாயக்க அவரைப் பார்த்து, போரில் பெற்ற கௌரவமான காயங்கள் என்று பகடியாகச் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது.

ஒரு வழக்குரைஞன் சான்றுப் பொருளை மேசையில் வைப்பான்: கத்தி, இரத்தம் தோய்ந்த சட்டை, கள்ளக் கையெழுத்து. அன்றைக்கு அமிர்தலிங்கம் தன் தலையையே சான்றுப் பொருளாகக் கொண்டுபோனார் என்று எனக்குத் தோன்றும். பிழைத்தது எங்கே என்றால், அங்கே நீதிபதி இல்லை. எதிர்வழக்காடியே கதிரையிலும் இருந்தார், பகடியும் விட்டார். சட்டம் படித்தவனுக்கு ஒரு பழக்கம் ஏற்பட்டுவிடுகிறது. எதிரில் இருப்பவர் கேட்டு முடித்த பிறகுதான் தீர்மானிப்பார் என்று அவன் மனம் நம்பிக்கொண்டே இருக்கும். பாராளுமன்றத்தில் தீர்மானித்துவிட்டுத்தான் கேட்க இருப்பார்கள். சட்டமூலம் 29 வாக்குகளுக்கு எதிராக 56 என்ற கணக்கில் நிறைவேறியது. இடதுசாரிகள் அன்று தமிழர்களோடு சேர்ந்து எதிர்த்தார்கள். ஒரு மொழி என்றால் இரண்டு நாடு, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு என்று கொல்வின் ஆர். டி சில்வா எச்சரித்தது அந்த விவாதத்தில்தான். இதே கொல்வின், அவரும் பெரிய வழக்கறிஞர், பதினாறு ஆண்டு கழித்து 1972 குடியரசு யாப்பை வரைந்தபோது அதில் 29-ஆம் பிரிவு இருக்கவில்லை.

*

அடுத்த இரண்டு ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் அவையும் அப்படித்தான் ஓடின. ஆகஸ்டில் திருகோணமலைக்கு நடைப்பயணமும் மாநாடும். 1957 ஜூலை 26-இல் பண்டா–செல்வா ஒப்பந்தம். பிரதேச சபைகள், தமிழுக்கு நிர்வாகத்தில் இடம். இரண்டு சட்டத்தரணிகள் எழுதிய ஒப்பந்தம், சுருக்கமானது, நியாயமானது. 1958 ஏப்ரல் 9-இல் பிக்குகள் பிரதமரின் வீட்டு வாசலில் இருக்க, அது கிழிந்தது. மே மாதம் கலவரம். தமிழரசுத் தலைவர்கள் வீட்டுக்காவலில்.

அந்த இடைவெளியில்தான் ஸ்ரீ எதிர்ப்பு. மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து வந்தது. தமிழரசுக்காரர்கள் தமிழ் 'ஸ்ரீ' போட்டு ஓடினார்கள். எனக்கு இதில் எப்போதும் ஒரு சின்னச் சிரிப்பு உண்டு. தொல்காப்பியம் அறியாத ஒரு கிரந்த எழுத்துக்காகத் தமிழர்கள் சிறை போனார்கள். ஆனால் வேலி வழக்குக் கண்ட வீட்டில் பிறந்தவன் நான். நான்கு விரல் நிலத்துக்கு ஏன் வழக்காடுகிறாய் என்று கேட்கிறவன் கதியால் நடப்பதைப் பார்க்காதவன் என்று எனக்குத் தெரியும்.

நீதிமன்றத்துக்குள்ளேயே கதியால் வந்தது 1961-இல். அந்த ஆண்டின் 3-ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றங்களின் மொழியையும் சிங்களமாக்க வழிசெய்தது. மல்லாகத்திலோ பருத்தித்துறையிலோ தமிழ் நீதிபதி, தமிழ் அப்புக்காத்து, தமிழ்ச் சாட்சி, தமிழ்ப் பிரதிவாதி. வழக்கேடு மட்டும் சிங்களத்தில் இருக்கலாம் என்ற நிலை. அதுவரை ஆங்கிலத்தில் நடந்ததால் அம்மப்பாவுக்கு அதுவும் புரியவில்லை என்பது வேறு கதை. "முந்தியும் விளங்கவில்லை, இனியும் விளங்காது. ஆனால் முந்தி இரண்டு பக்கத்துக்கும் விளங்கவில்லை" என்று அவர் சொன்னதைவிட நன்றாக ஒருவரும் அந்தச் சட்டத்தை விமர்சித்து நான் வாசித்ததில்லை.

1961 பெப்ரவரி 20-இல் யாழ்ப்பாணம் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. கச்சேரி என்றால் பாட்டு அல்ல, அரசாங்க அதிபரின் அலுவலகம். வாசலை மறித்து ஆண்களும் பெண்களும் இருந்தார்கள். பொலிஸ் தூக்கி எறிந்தால் திரும்ப வந்து இருந்தார்கள். மட்டக்களப்பு, திருகோணமலை, மன்னார், வவுனியா என்று பரவியது. வாரக்கணக்காக அரச நிர்வாகம் படுத்துவிட்டது. ஏப்ரல் 14-இல் தமிழரசு அஞ்சல் சேவை என்று தங்கள் முத்திரையையே விற்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு கொழும்பு பொறுக்கவில்லை. 17-ஆம் தேதி அவசரகால நிலை, இரவோடு இரவாக இராணுவம், தலைவர்கள் பனாகொடை முகாமில். அமிர்தலிங்கம் மட்டுமல்ல, மங்கையர்க்கரசியும் தடுத்துவைக்கப்பட்டார். ஏறத்தாழ ஆறு மாதம்.

33 வயதில் அவரிடம் இருந்தவை: ஒரு சட்டப் பட்டம், ஒரு தலைத் தழும்பு, மூன்று தேர்தல் வெற்றிகள், ஒரு தோல்வி, விசாரணை இல்லாத ஒரு தடுப்புக்காவல். நீதிமன்றத்தில் கழித்த நாட்கள் இந்தக் கணக்கில் மிகச் சில.

*

இங்கே எனக்கு ஒரு குறை உண்டு, சொல்லாமல் போக மனம் இல்லை. கட்சி நிறைய அப்புக்காத்துகளை வைத்துக்கொண்டு, சிங்களம் மட்டும் சட்டத்தை 29-ஆம் பிரிவின் கீழ் முறையாக நீதிமன்றத்தில் சோதித்துப் பார்த்தது யார்? கோடீஸ்வரன் என்ற ஓர் அரசாங்க எழுதுவினைஞர். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு இருக்க மாட்டேன் என்றார், சம்பள உயர்வை நிறுத்தினார்கள், வழக்குப் போட்டார். 1964-இல் கொழும்பு மாவட்ட நீதிமன்றம், அந்தச் சட்டம் யாப்புக்கு முரண் என்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. எட்டு ஆண்டு பாராளுமன்றத்தில் கத்தி வாங்க முடியாத ஒரு வாக்கியம்!

பிறகு நடந்ததற்கு எங்கள் ஊர்ப் பழமொழிதான் சரி. வட்டுக்கோட்டைக்குப் போகிற வழி எது என்று கேட்டால், துட்டுக்கு இரண்டு கொட்டைப்பாக்கு என்றானாம். சட்டம் செல்லுமா செல்லாதா என்பது கேள்வி. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குத் தொடுக்க முடியாது என்று 1967-இல் உயர் நீதிமன்றம் பதில் சொன்னது. 1969-இல் கோமறைக் கழகம், தொடுக்கலாம், போய் முதல் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பியது. பதில் வருவதற்கு முன் கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையே ஒழிந்தது, 1972-இல் 29-ஆம் பிரிவும் போனது. கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது, கொட்டைப்பாக்கின் விலை மட்டும் ஏறியிருக்கிறது.

இன்னொரு குறை, இது கொஞ்சம் கசக்கும். காலிமுகத்திடலில் அடி வாங்கிய கட்சியின் குரல், தேநீர்க் கடையில் ஒரு சாராருக்கு வேறு குவளை, கிணற்றில் தண்ணீர் அள்ள இன்னொருவர் வர வேண்டும், கோயில் வாசலோடு நின்றுவிட வேண்டும் என்ற இடத்தில் எவ்வளவு மெலிந்து ஒலித்தது! 1957-இலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்திருந்தது. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்ட மக்களை உள்ளே விடாமல் முன்னால் நின்றவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், அவரும் பாரிஸ்டர். அப்போது தமிழரசுக் கட்சி கொழும்பு அரசில் பங்காளி. தனக்கு இழைக்கப்பட்டதைச் சட்டப் பிரிவு எண்ணோடு சொல்லத் தெரிந்த ஒரு தலைமுறை, தான் இழைத்ததைக் கேட்டபோது தவணை வாங்கிக்கொண்டே போனது. எங்கள் வேலியின் கதியால்களை நட்டவர் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து தேநீர் குடித்து நான் பார்த்ததில்லை. அம்மப்பாவும் இதில் விதிவிலக்கில்லை.

*

1970 மே தேர்தலில் வட்டுக்கோட்டை மறுபடியும் அமிர்தலிங்கத்தைத் தோற்கடித்தது. இந்தமுறை தமிழ்க் காங்கிரஸின் ஆ. தியாகராசா, காரைநகர் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தவர். மறுபடியும் ஓர் அதிபர்! பதினெட்டு ஆண்டு இடைவெளியில் அதே தொகுதி அதே அப்புக்காத்தை இருமுறை வீட்டுக்கு அனுப்பியது, இருமுறையும் பிரம்பு பிடித்த கையால். அவரை அறிந்தவர்கள் 1970-க்குப் பிந்திய அமிர்தலிங்கத்தை வேறு ஆள் என்பார்கள். 1976 மே 14-இல் வட்டுக்கோட்டைத் தீர்மானம் என்று பெயர் பெற்ற தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. நடந்த இடம் அவருடைய பண்ணாகம். ஒரு வாரத்தில் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததாகக் கைது, மூன்று நீதிபதிகள் முன்னால் ஜூரி இல்லாத விசாரணை. அந்த வழக்கில் அறுபதுக்கு மேற்பட்ட சட்டத்தரணிகள் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் செல்வநாயகமும் ஜி. ஜி. பொன்னம்பலமும், 1949-இல் பிரிந்தவர்கள், ஒரே பக்கத்தில். குற்றவாளிக் கூண்டில் அமிர்தலிங்கம். அந்த நீதிமன்ற அறையில் அன்று அப்புக்காத்துகளுக்குக் குறைவில்லை.

அதற்கு மேல் அந்தக் கதை இளம் வயதுக் கதை இல்லை. 1989 ஜூலை 13-இல் கொழும்பில், விடுதலைப் புலிகள் அவரை அவர் இருந்த வீட்டிலேயே சுட்டுக் கொன்றார்கள். செய்தி வானொலியில் வந்தபோது அம்மப்பா விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து போய்த் தகரப் பெட்டியைத் திறந்து, காரணம் எதுவும் இல்லாமல், உறுதியை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார்.

அவருடைய வழக்கு அதற்கு நெடுநாள் முன்பே சமாதானமாகியிருந்தது. பனை வேலிக்கு அந்தப் பக்கமே நின்றது. நுங்கு மட்டும் பாதிப் பாதி.

அன்றிரவு விளக்கு வெளிச்சத்தில் நான் கேட்டேன். 1952-இல் வீரசிங்கத்துக்குப் போட்டது தெரியும், 1956-இல் அப்புக்காத்தருக்குப் போட்டதும் தெரியும். 1970-இல் யாருக்கு?

அம்மப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "வழக்கு இன்னும் நடக்கிறது பிள்ளை" என்றார். "சாட்சியை வெளியில் வைத்து விசாரிக்கக் கூடாது."